ஐந்து நெக்கும் சரியில்லை

என் அக்கா வீட்டுக்காரரைக் கடையில் எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி வைத்த பெயர். இருபத்திரண்டு வயதில் பொருள் கட்டும் வேலைக்குச் சேர்ந்தவர், ஒருநாள் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே, "அண்ணே, அந்த கிட்டார்ல பின்னாடி பிக்கப் செத்துக்கிட்டிருக்கு, விக்காதீங்க" என்று குரல் கொடுத்திருக்கிறார். வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளருக்கும் அது தெரியவில்லை, விற்றுக்கொண்டிருந்த முதலாளிக்கும் தெரியவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒயர் ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றோடு டேப்பும் கத்திரிக்கோலும் வேறு ஆள் கைக்குப் போயின.

நான் அதே கடையின் பின்னறையில் கிட்டார் சரிசெய்கிறவன். கம்பியின் உயரத்தை ஏற்றி இறக்குவது, விரலடியில் குறுக்கே பதித்த உலோக ஃப்ரெட் தேய்ந்தால் பிடுங்கிப் புதிது போடுவது, இடது கை பிடிக்கிற நீளக் கழுத்தான நெக் வளைந்தால் நிமிர்த்துவது, இதெல்லாம் என் வேலை. அக்காவை அவருக்குக் கட்டிக்கொடுத்ததால் எனக்கு வேலை கிடைத்ததா, வேலை கிடைத்ததால் கட்டிக்கொடுத்தோமா என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் உண்மை வெளியே வந்ததே அந்தக் கோபத்தால்தான்.

எங்கள் கடையில் மூன்று சுவரிலும் எலெக்ட்ரிக் கிட்டார்கள் தொங்கும். இடது சுவரில் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கானவை. வலது சுவரில், கண்ணாடிக்குள், தொட்டுப் பார்க்கவே ஆட்கள் கூச்சப்படுகிறவை. நடுச் சுவரில் இருப்பது நடுத்தர விலை. மாமாவின் ராஜ்ஜியம் அந்த நடுச் சுவர்தான். "விலை கூடுனது தானே பேசிக்கும் மாப்ள. குறைஞ்சது வாயே திறக்காது. நடுவுல தொங்குது பாரு, அது எல்லாமே நல்லா இருக்கிற மாதிரியே இருக்கும். அங்கதான் ஆளுங்க ஏமாந்து போறாங்க" என்பார்.

வருடத்துக்கு ஒருமுறை புது மாடல்கள் வந்ததும் ஐந்தைத் தேர்ந்தெடுத்து ஒப்பிடுவார். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். ஐந்துக்கும் நான் ஒரே கனத்தில் கம்பி போட்டு, ஒரே உயரத்தில் நிறுத்தித் தரவேண்டும். ஒரு முடி அளவு வித்தியாசம் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். பிறகு கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொள்வார், நிறம் மனதை இழுத்துவிடுமாம். முதலில் நெக். அதற்கு ஒலிபெருக்கும் ஆம்ப் கிடையாது, சத்தம் வந்தால் கை ஏமாந்துவிடும் என்பார். நெக்கின் பின்புறம் உள்ளங்கையில் எப்படி உட்காருகிறது, ஓரம் விரலை உரசுகிறதா, கட்டைவிரல் எங்கே போய் நிற்கிறது என்று ஒவ்வொன்றையும் கால்மணி நேரம் தடவிக்கொண்டிருப்பார். அடுத்து பிக்கப். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் அந்தச் சின்னப் பெட்டிகளை முன்னே, பின்னே, இரண்டும் சேர்த்து என்று மாற்றி மாற்றிக் கேட்பார். கடைசியில்தான் மொத்த டோன். வாசிப்பதற்கென்று தானே கட்டிவைத்த எட்டுத் துணுக்குகள் உண்டு, ஒவ்வொன்றும் நாலைந்து விநாடி. இருபது வருடத்தில் அவர் ஒரு முழுப் பாட்டு வாசித்து யாரும் கேட்டதில்லை. அடுத்தவர் எடுத்துக்கொண்டு போகப்போகிற கிட்டாரில் எட்டுத் துணுக்கு, அதுதான் அவருடைய சங்கீதம். அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

முடிவை நீள நோட்டில் எழுதுவார். டோன், பிக்கப், நெக் என்று மூன்று கட்டம். அதை நகல் எடுத்து முதலாளி கவுண்டரில் தொங்கவிடுவார். அதைப் படிப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள்.

வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர் வந்து, "எனக்கு டோன் கொஞ்சம் சோகமா இருக்கணும், ஆனா ரொம்ப சோகமா இருக்கக்கூடாது" என்றார். பின்னறையில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமா சிரிக்கவில்லை. இடது முழங்கையைக் கவுண்டரின் தகர விளிம்பில் ஊன்றி, கன்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் வாசித்ததைப் பத்து நிமிடம் கேட்டார். "சார், உங்களுக்கு சிங்கிள் காயில் பிக்கப்தான் சரி. ஹம்பக்கர் வேண்டாம். அது சத்தம் தடிமன், உங்க கையில இருக்கிற சோகத்தை மூடிரும்" என்றார். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு நாளைக்கு எட்டுப் பேரையாவது அவர் முழங்கையை ஊன்றிக் கேட்பார்.

அவருக்கென்று ஒரு கிட்டார் உண்டு. பழுப்பு நிறம். ஒரு வருடத்து ஒப்பீட்டில் அவர் நோட்டில் முதலிடம் பிடித்தது. வாழ்க்கையில் அவர் அடம்பிடித்து வாங்கிய ஒரே பொருள் அதுதான் என்று அக்கா சொல்வாள். கட்டைவிரல் போய்வரும் இடத்தில் நெக்கின் பின்புற வார்னிஷ் தேய்ந்து மரம் வெளியே தெரியும். மற்ற எந்த நெக்கையும் அதை வைத்துத்தான் அவர் அளப்பார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒப்பிடுவதற்கு வந்த ஐந்தில் முதலாவது நீலம். நெக்கைத் தடவிவிட்டு, "மாப்ள, ஓரம் வழவழன்னு இல்ல. சுண்டுவிரல் பக்கம் ஏதோ பஞ்சு மாதிரி இருக்கு" என்றார். ஃப்ரெட் முனைகளை அரம் போட்டுத் தந்தேன். அடுத்த வாரம், "இப்ப வழுக்குது" என்றார். பின்புறப் பளபளப்பைத் தேய்த்து எடுத்தேன். அதற்கடுத்து, நாலாவது துணுக்கில் கம்பி இரைகிறது என்றார். அந்தத் துணுக்கில் சுண்டுவிரலை நீட்டி அழுத்தவேண்டும். எனக்கும் கேட்டது, இரைந்ததுதான். கம்பியை உயர்த்தினேன். "இப்ப அழுத்தவே முடியல, கட்டை மாதிரி இருக்கு" என்றார். இறக்கினேன். மறுபடி இரைந்தது.

சிவப்பும் அப்படித்தான், வெள்ளையும் அப்படித்தான். திங்கட்கிழமை நெக் தடிமன் என்பார், வியாழக்கிழமை அதே நெக் மெலிசு என்பார். நான் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தேன். நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகினேன், ஃப்ரெட்டை மட்டம் பார்த்தேன், வெள்ளையின் நெக்கை அரை மில்லி செதுக்கியே விட்டேன். மாதங்கள் போயின. நோட்டில் ஐந்துக்கும் நேரே, மூன்றாவது கட்டத்தில், 'சரியில்லை' என்று எழுதிவைத்தார். கிட்டார் கொடுத்த கம்பெனியின் ஏஜென்ட் கடைக்கு வந்து கத்திவிட்டுப் போனார். முதலாளியோ, "காது சொன்னா சொன்னதுதான்" என்று ஐந்தையும் சுவரில் ஏற்றாமல் ஓரம் கட்டினார்.

எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று கேட்பீர்கள். அவர் சொல்லி ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அது ஒரு காரணம். இன்னொன்று என் தொழில். என் மேசைக்கு வருகிற எல்லாப் புகாரும் கிட்டாரைப் பற்றித்தான் வரும். கை சரியில்லை என்று சொல்லி யாரும் என்னிடம் வந்ததில்லை.

எட்டாவது மாதம் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஐந்தில் ஒன்றான கறுப்பு கிட்டாரின் நெக்கை மூன்று நாள் உட்கார்ந்து கண்ணாடி மாதிரி செய்து கொடுத்திருந்தேன். இரண்டு நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, மனசு வச்சு வேலை பாக்கிறதில்லையா?" என்றார், முதலாளி காதுபட. எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. பேர் வாங்கிய மனிதருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, எதையும் குறை சொன்னால்தான் மரியாதை என்று நினைக்கிறார் என்று எனக்குள் முடிவு கட்டினேன். நாலு பேர் முன்னால் அவர் மூக்கை உடைக்கவேண்டும் என்று தோன்றியது. ஆமாம், அதைத்தான் நினைத்தேன். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை அவர் கடைக்குக் கிளம்பிய பிறகு அக்கா வீட்டுக்குப் போய், கம்பி மாற்றப்போவதாகச் சொல்லி அந்தப் பழுப்பு கிட்டாரை எடுத்து வந்தேன். புதுக் கம்பி போட்டேன், ஐந்துக்கும் வைத்த அதே உயரத்தில் நிறுத்தினேன். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரம். "மாமா, இன்னொரு தடவை அஞ்சையும் பாத்துருங்க. இதுக்கு மேல என்னால ஆகாது" என்றேன். முதலாளியும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கண்ணைக் கட்டிக்கொண்டார். நீலத்தைக் கொடுத்தேன், சரியில்லை என்றார். சிவப்பைக் கொடுத்தேன், உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவதாக அவருடைய சொந்தக் கிட்டாரை மடியில் வைத்தேன். முதலாளி பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு முட்டியது.

மாமா அதைக் கொஞ்சம் அணைத்துக்கொண்டார். "உடம்பு நல்லா உக்காருது. என்னுது மாதிரியே இருக்கு" என்றார். பிறகு இடது கை நெக்கில் போனது. மேலே போய்க் கீழே வந்தது. வார்னிஷ் தேய்ந்த இடத்தைத் தாண்டிப் போய், திரும்பவும் தாண்டி வந்தது. நிற்கவே இல்லை. ஐந்து நிமிடம் கழித்துச் சொன்னார்.

"மாப்ள, இருக்கிறதுலயே மோசம் இதுதான். இதைக் கொண்டுபோய் உடைச்சுப் போடு."

என் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நான் துணியை அவிழ்த்தேன். மாமா மடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மடியைப் பார்த்தார். எனக்கு இன்றைக்கும் மறக்காதது அடுத்து அவர் கேட்டதுதான்.

"இதையும் அரம் போட்டியா மாப்ள? இதை ஏன்டா தொட்டே?"

"தொடல மாமா. கம்பி மட்டும்தான் மாத்தினேன்."

"பொய் சொல்லாத. நெக்கைக் கெடுத்து வச்சிருக்கே."

அப்போதுதான் அவர் இடது கையைப் பார்த்தேன். இருபது வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதரின் கையை அன்றைக்குத்தான் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கையில் மேடாக இருக்கவேண்டிய இடம் குழி விழுந்திருந்தது. சுண்டுவிரல் தானாக உள்ளே மடங்கியிருந்தது. புதுக் கம்பியின் வெட்டுமுனை குத்தி அந்த விரல் ஓரத்தில் ரத்தம் வந்து, நெக்கில் ஒரு கோடு இழுத்திருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

"வலிக்கலையா மாமா?"

"எது?" என்றார்.

மறுநாளே நரம்பு டாக்டரிடம் போனோம், அக்கா, மாமா, நான் மூன்று பேரும். கையில் அங்கங்கே ஒட்டுப் போட்டு மெஷினில் சின்னச் சின்னதாகக் கரன்ட் வைத்துப் பார்த்தார்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சமிக்ஞை ஓடியது, முழங்கையில் போய் நின்றது. பிக்கப்பில் ஒயர் அறுந்தால் என்ன ஆகுமோ அதே கதை. எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்துவிட்டது என்பது அவர் திரையைப் பார்த்த விதத்தில் தெரிந்தது.

டாக்டர் அம்மா பொறுமையாகப் பேசுகிறவர். சுண்டுவிரலுக்கும் பாதி மோதிர விரலுக்கும் போகிற நரம்பு முழங்கையின் உள்பக்கம் எலும்பை ஒட்டித்தான் போகிறது, அது நசுங்கிப்போயிருக்கிறது என்றார். "எங்கயாவது முழங்கையை ஊன்றி வேலை பாப்பீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்களே" என்றார் மாமா. சொல்லிவிட்டு, அவர் மேலும் சொல்வதைக் கேட்பதற்காக இடது முழங்கையை டாக்டரின் மேசை விளிம்பில் ஊன்றி, கன்னத்தைக் கையில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் பேச்சை நிறுத்தினார். "இப்படித்தான் எப்பவும் உக்காருவீங்களா?"

மாமா கையைச் சட்டென்று எடுத்துவிட்டார். தப்புச் செய்து மாட்டிக்கொண்ட மாதிரி மடிக்குள் வைத்துக்கொண்டார்.

"எத்தனை மாசமா மரத்துப் போகுது?"

"எட்டு மாசமா" என்று நான்தான் சொன்னேன். நீல கிட்டார் வந்த தேதி எனக்குத் தெரியும்.

"முதல் மூணு நாலு மாசத்துல வந்திருந்தா இவ்வளவு சதை கரைஞ்சிருக்காது" என்றார் டாக்டர். திட்டுவதுபோல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வெளியே வராந்தாவில், மாமா உள்ளே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அக்கா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "எட்டு மாசம் கிட்டாரைக் கிட்டாரைப் பாத்தியேடா. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் கையைப் புடிச்சுப் பாத்தியா?"

எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவளே மேலே பேசினாள். அவள் சட்டைக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். தைத்து வந்த சட்டையில் பட்டன், தையல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவதுதான் அவள் வேலை.

"வலது கை கஃப்ல மட்டும் பட்டன் போட வரலன்னாரு. ஓட்டை சின்னதா இருக்குன்னாரு. நானும் நாலு சட்டையிலயும் பிரிச்சுப் பெருசாக்கிக் குடுத்தேன்டா. வலது கஃபுக்கு இடது கையாலதானே பட்டன் போடணும்? அது எனக்குத் தோணவே இல்ல. ஓட்டைதான் சின்னதுன்னு நம்பிட்டேன்." அதற்கு மேல் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான்.

முழங்கையில் அறுவை செய்து நரம்பை விடுவித்தார்கள். தையல் பிரித்த அன்று டாக்டர் தெளிவாகவே சொன்னார்: நரம்பு ரொம்ப மெதுவாக வளரும், சதை திரும்ப வருமா என்பதை இப்போது சொல்ல முடியாது, இரண்டு வருடம் வரை பார்க்கலாம், அதற்கப்புறம் என்ன இருக்கிறதோ அதுதான் மிச்சம். அதைச் சோதிக்க ஒரு வழியும் காட்டினார். விரல்களை நேராக நீட்டி, மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை இறுக்கிப் பிடிக்கவேண்டும். எதிரில் இருப்பவர் அதை இழுக்கவேண்டும். காகிதம் நின்றால் சதைக்கு உயிர் வருகிறது என்று பொருள். அன்றைக்கு டாக்டர் இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, அது தானாகவே விழுந்தது.

மாமா கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். வேறு ஆட்கள் வாசிக்க, இவர் கேட்டு டோனுக்கும் பிக்கப்புக்கும் எழுதினார். முன்னைப் போலவே பொருத்தமாகத்தான் எழுதினார். நெக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டார். முதலாளி கவுண்டர் விளிம்பு முழுக்க மெத்தென்று ஸ்பாஞ்ச் ஒட்டிவைத்தார். மாமா அதன் பக்கமே போகாமல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். பழுப்பு கிட்டாரை உறையில் போட்டு அலமாரி மேல் ஏற்றியாகிவிட்டது. "அரைகுறைக் கையோட தொட்டா மனசு விட்டுப்போயிரும் மாப்ள. முழுசா வரட்டும், தொடுறேன்" என்றார்.

ஒரு வருடம் கழித்துப் போனபோது டாக்டர் காகிதத்தை வைத்து இழுத்தார், வந்துவிட்டது. "இன்னும் ஒரு வருஷம் இருக்கு. பயிற்சியை விடாதீங்க" என்றார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நான் அக்கா வீட்டுக்குப் போய்க் காகிதம் இழுக்கவேண்டும் என்று ஏற்பாடு. இதற்கும் மாமா கண்ணை மூடிக்கொள்வார். பார்த்துக்கொண்டிருந்தால் விரல் தானாக மடங்கித் திருட்டுத்தனம் பண்ணுகிறது என்பார். தோள் நடுங்குகிற அளவுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு, "இழு" என்பார்.

மூன்றாவது ஞாயிறோ நாலாவதோ, நான் இழுத்த காகிதம் வெண்ணெயிலிருந்து கத்தி வருகிற மாதிரி வந்தது. அவர் கண்ணைத் திறக்காமல், "நின்னுச்சா?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. காகிதத்தைப் பழைய இடத்திலேயே செருகிவிட்டு, "கொஞ்சம் நின்னுச்சு மாமா" என்றேன். கண்ணைத் திறந்து விரலிடுக்கில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். எட்டு மாதமும் அதற்குப் பின் வந்த ஒரு வருடமும் ஒரே நொடியில் அவர் முகத்தை விட்டுப் போயின. உள்ளே திரும்பி, "ஏம்மா, நிக்குது! கொஞ்சம் நிக்குதாம்!" என்று கத்தினார். அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

ஒரு தடவை சொன்ன பொய்யை அடுத்த வாரம் எப்படித் திரும்ப வாங்குவது? போன வாரம் நின்றது இந்த வாரம் நிற்கவில்லை என்றால் அவர் உடைந்துவிடுவார். அதனால் அடுத்த வாரமும் நின்றது. அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கெட்டியாக நின்றது. நான் இழுக்கிற மாதிரி பாவனை செய்தேன், பிறகு அதையும் விட்டுவிட்டேன். அவர் தைரியமாகிவிட்டார். பயிற்சிப் பந்தை இரட்டிப்பு நேரம் அமுக்கினார். இதோ, போன வாரம் புது மாடல் ஐந்து வந்து இறங்கியதும் முதலாளியிடம் போய், "அண்ணே, இந்த வருஷம் நெக்கையும் நானே பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டு வருடக் கெடு முடிந்து டாக்டரிடம் போகவேண்டியது இன்றைக்கு. வழக்கம்போல் சாப்பாட்டு மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். அக்கா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மாமா விரலை நீட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, நீ இத்தனை நாளும் மெதுவாத்தான் இழுத்தே, இல்ல?"

"இல்ல மாமா, இழுத்தேன்."

"எனக்குக் கோபமெல்லாம் இல்ல. எனக்காகத்தான் பண்ணே, தெரியாதா? கொஞ்சமாவது நிக்குது, அது போதும், எவ்வளவு நிக்குதுன்னுதான் தெரியணும். நாளைக்கு அந்தம்மா இழுக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும். இன்னைக்கு நல்லா இழு. பாவம் பாக்காத."

காகிதத்தை வைத்தேன். அவர் கண்ணை மூடினார். பல்லைக் கடித்தார், கழுத்து நரம்பு புடைத்தது, தோளும் கையும் நடுங்கின. "ம்" என்றார்.

நான் இழுத்தேன். அது எதிலும் மாட்டாமல் என் கைக்கு வந்துவிட்டது. ஒரு மடிப்புக்கூட விழவில்லை.

அவர் நடுங்கிக்கொண்டே பிடித்துக்கொண்டிருந்தார். மூடின கண் மூடினபடி இருந்தது. இரண்டு விரலுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

"இழுடா மாப்ள" என்றார். "எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டிருக்கிறது, இழு."